பேராவூரணி மாத்திரை

ஷாதி மஹாலில் அன்று கல்யாணம் இல்லை, ரத்தம் எடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் கடலோர ஊர்களில், பிரஷருக்கு மரபணு எவ்வளவு காரணம் என்று ஆராய வித்யாலக்ஷ்மி தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்.

"ஒரே உப்பு ஒருத்தரை ஒண்ணும் செய்யாது, இன்னொருத்தருக்குப் பிரஷரை ஏத்திடும். அது பரம்பரையா வர்றதுங்க" என்றார்.

ஆசியா இத்தனை நாள் பயந்ததும் அதற்குத்தான். மகள் ஜஸீலாவை அண்ணன் ஜெக்கரியாவின் மகன் நௌஷாதுக்குப் பேசி முடித்திருந்தது. தனக்குப் பிரஷர் என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று அண்ணன் பின்வாங்கிவிடுவார். அந்தப் பயத்தில், தேங்காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேராவூரணிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவாள். கொல்லையில் தென்னை காய்த்துத் தொங்கியும் வீட்டில் யாரும் ஏனென்று கேட்டதில்லை. அந்த வீட்டு ஆண்களின் கவனம் அவ்வளவுதான்.

முகாமுக்கு வராமலிருந்தால் சந்தேகப்படுவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள்.

"உங்க அம்மா எப்படி இறந்தாங்க?" என்று குறிப்பேட்டைப் பார்த்தபடி கேட்டார் வித்யாலக்ஷ்மி.

"வழுக்கி விழுந்துட்டாங்க."

பக்கத்து நாற்காலியில் ஜெக்கரியாவும் தலையாட்டினார்.

வித்யாலக்ஷ்மி ஆசியாவின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். "பிரஷர் ரொம்பக் குறைவா இருக்கே" என்றார். ஆசியா எழுந்தாள். கண் இருட்டியது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெக்கரியா ஓடிவந்து குனிந்தார். "எத்தனை மாத்திரை போட்டே?"

"ரெண்டு." சொன்ன பிறகுதான் உறைத்தது. "நான் மாத்திரை போட்டது காக்காவுக்கு எப்படித் தெரியும்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"நானும் போட்டுட்டுத்தான் வந்தேன். ஒண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நௌஷாதும் போடுறான். நீ பொண்ணு தரமாட்டியோன்னுதான் உங்கிட்ட சொல்லல."

ஆசியாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவருக்குப் பயந்தா இத்தனை தேங்காய் சுமந்தேன்?

தண்ணீர் கொண்டுவந்த ஜஸீலா, "மச்சான் எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாங்க மாமா" என்றாள். பிறகு உம்மா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "எனக்கும் பாருங்க மேடம்."

வித்யாலக்ஷ்மி ஒரு முறை பார்த்தார். பட்டையைக் கழற்றி, மறுபடி கட்டிப் பார்த்தார்.

"நூத்தி அம்பத்தெட்டு. வயசு என்னம்மா?"

"இருபத்திமூணு."

ஆசியா தரையில் உட்கார்ந்தபடியே மகளின் கையைப் பார்த்தாள். பயம் இப்போது வேறு இடத்துக்குப் போயிருந்தது.

"மேடம், முன்ன நான் சொன்னத அடிச்சிருங்க" என்றாள். " எங்க உம்மா வழுக்கி விழல. பிரஷர் ஏறி, தலையில நரம்பு வெடிச்சு மவுத்தானாங்க. எனக்கும் பிரஷர் இருக்கு."

"எனக்கும்" என்றார் ஜெக்கரியா.