கிரேன்காரரின் கஷாயம்

என் புருஷன் முனிராஜுக்குத் தலைசுற்றல் என்பது மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரியும். கம்பெனிக்கு மட்டும் தெரியாது. அவர் அங்கே கிரேன் ஓட்டுகிறார். கூரையை ஒட்டி இருக்கும் கேபினுக்கு ஏணி ஏறிப் போய், குனிந்து பார்த்தபடியே டன் கணக்கில் இரும்புச் சுருளைத் தூக்கி நகர்த்த வேண்டும். கீழே நின்று சுருளுக்குக் கொக்கி மாட்டுவது என் தம்பி திருமலை. அவருக்கோ குனிந்தாலும் சுற்றும், படுத்து இடது பக்கம் புரண்டாலும் சுற்றும். இந்த லட்சணத்தில்தான் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடு என்றாள் ஒருத்தி. எலுமிச்சம்பழத்தை முகரச் சொல் என்றாள் இன்னொருத்தி. பக்கத்து வீட்டு நஞ்சம்மா எல்லைப் பக்கத்துத் தளி ஊர்க்காரி; தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாள். "யாக்கம்மா பயப்படறே? பித்தம் தலைக்கேறிக்கிச்சு, அவ்ளோதான். கொத்தமல்லி வெதை, நெல்லிமுள்ளி, சுக்கு மூணையும் தட்டிப் போட்டுக் காச்சிக் குடு" என்றாள்.

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றேன் அவரிடம்.

"போனா தலசுத்தல்னு எழுதுவான். அப்புறம் எவன் என்ன மேல ஏத்துவான்? லோடிங்ல கொண்டுபோய்ப் போட்டுருவான். சும்மா இருடி."

சும்மா இருந்தேன். கஷாயம் காய்ச்சினேன். ஒரு வாரம் போல ஆனதும், "விட்ருச்சு மாதேசு, எல்லாம் உன் கைமருந்துதான்" என்றார் என்னிடம். நானும் நம்பித் தொலைத்தேன். நஞ்சம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்டவர்களிடமெல்லாம் அந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் மூன்றுமே தீர்ந்திருந்தது. கடை திறக்கும் நேரமும் இல்லை. வெல்லத்தோடு கொஞ்சம் டீத்தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து நீட்டினேன். இதென்ன கருமம் என்று கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மடக்கென்று குடித்தார். "வெல்லம் போட்டியா? நல்லாத்தான் இருக்கு. குடிச்சதும் தல எப்படி நிக்குது பாரு" என்றார்.

டீத்தண்ணிக்கே தலை நிற்கிறதென்றால் இத்தனை நாளும் சொன்னது பொய். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, பாத்திரம்தான் பேசும். டம்ளரைத் தொட்டியில் விட்டெறிந்தேன்.

"பாயில படுங்க."

"எதுக்குடி? ஷிப்டுக்கு நேரமாச்சு."

"படுத்து எடது பக்கம் பொரளுங்க. அப்புறம் போங்க."

சிரித்துக்கொண்டேதான் படுத்தார். புரண்டார். அவ்வளவுதான், இரண்டு கண்மணியும் வெட்டி வெட்டி இழுத்தன. பாயின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டார். நான் நின்றபடியே பார்த்தேன். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"கீழ நிக்கறது எந்தம்பி" என்றேன்.

"அவனுக்குத் தெரியும்" என்றார், கண்ணை மூடியபடி.

திருமலைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தெரியுங்க்கா. மாமா கண்ண மூடிட்டாருன்னா கொக்கி அப்படியே நின்னுரும். நான் தள்ளி நின்னுக்குவேன். செத்த நேரத்துல சரியாயிரும். நீ எங்கியும் வாயத் தொறக்காத."

"அடப்பாவி, செத்துகித்துப் போனீன்னா?"

"மாமாவுக்குக் கிரேன் போயிருமேக்கா."

அவர் பாயைவிட்டு எழுவதற்குள் நான் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். சேஃப்டி ஆபீசரைக் கூப்பிடச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்பதைப் போலத்தான் இருந்தது என் குரல்.

அன்றைக்கே அவரை ஏணியில் ஏறவிடவில்லை. மறைத்ததற்காகத் திருமலைக்கு மெமோ. கிரேனில் வேறு ஆள் உட்கார்ந்தான்.

இ.எஸ்.ஐ.யில் காது டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தார். கொஞ்சம் பொறுத்து மறுபக்கம் திருப்பினார். உடம்பையும் புரட்டி, எழுப்பி உட்காரவைத்தார். "காதுக்குள்ள இருக்கற சின்னத் துகள் எடம் மாறிப் போச்சு, அவ்வளவுதான். இப்ப மறுபடி படுங்க." படுத்து இடது பக்கம் புரண்டார். கண் அசையவே இல்லை. "மொதல்லயே வந்திருந்தா அன்னிக்கே சரியாயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. மாத்திரைகூட எழுதவில்லை.

குணமாகிவிட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போனோம். தலைசுற்றல் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் உயரத்தில் ஏற்ற மாட்டோம், வேண்டுமானால் லோடிங்கில் சேர்ந்துகொள்ளட்டும் என்றார்கள்.

வெளியே வந்தோம். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை என்னிடமும் இருந்தது.

"உந்தம்பி பொழச்சுக்கிட்டான். போ" என்றார்.

ஷிப்டு முடிந்து திருமலை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். என் பக்கம் பார்க்காமலேயே நிறுத்தினான். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கிளம்பிப் போய்விட்டார்கள்.

எத்தனையோ தடவை நாங்கள் மூன்று பேரும் அந்த வண்டியில் போயிருக்கிறோம்.