கல்லில்லாத ஊரில் கல்லேறும் வண்டி

ரிஃபாயின் கடைக்குள் நுழைந்தபோது, மகளுக்கு என்ன வாங்குவது என்று நவநீதனுக்கு ஒரு யோசனையும் இல்லை. எதற்காக வாங்குகிறோம் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தான். தையல்நாயகி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன்னிடம் வர வேண்டும். அவ்வளவுதான்.

அவனும் பிரதீபாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. பிரதீபா காரைக்காலில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். மகளோடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். இவன் குரும்பகரத்தில் ஒரு டிராக்டர், கொஞ்சம் நிலம் என்று தனியாக இருக்கிறான். யார் மேல் தப்பு என்று இரண்டு வீட்டு ஆட்களும் இன்னும் பேசி முடிக்கவில்லை. பேசட்டும், நமக்கெதற்கு. பெரியவர்கள் உட்கார்ந்து ஒன்றை மட்டும் முடிவு பண்ணிக் கொடுத்தார்கள். ஞாயிறு பகல் முழுக்கப் பிள்ளை அப்பாவோடு இருக்கும்.

முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ஒரு ஞாயிறு டியூஷன் என்றாள். இன்னொரு ஞாயிறு தோழிக்குப் பிறந்தநாள். அதற்கடுத்த வாரம் போனிலேயே, "இன்னைக்கு வரலப்பா" என்றாள்.

"ஏம்மா?"

"சும்மாதான்."

டியூஷனுக்கும் பிறந்தநாளுக்கும் பதில் சொல்லலாம், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சும்மாவுக்கு என்ன சொல்வது? நவநீதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையைக் குறை சொல்லவும் வழியில்லை. அவள் வந்தால் மட்டும் என்ன நடந்தது? "சாப்பிட்டியா? நல்லா படிக்கிறியா?" என்று கேட்பான். இரண்டுக்கும் அவள் தலையாட்டுவாள். அதோடு பேச்சுத் தீர்ந்துவிடும். அப்புறம் டிவி. நடுவில் யாராவது உழவுக்குக் கூப்பிட்டால், "இதோ வந்துடுறேன்" என்று டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பிள்ளை வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

ரிஃபாய் கடையில் பாதி செல்போன், பாதி விளையாட்டுச் சாமான். துபாயிலிருக்கும் மச்சான் அனுப்புகிற சரக்கு என்று பெருமையாகச் சொல்லுவான். முதலில் ஒரு ரேஸ் காரை எடுத்து வைத்தான். தரையில் விட்ட வேகத்தில் அது கடையைக் கடந்து ரோட்டுக்கே போய், ஒரு ஆட்டோக்காரரிடம் இரண்டு வார்த்தை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தது.

"இது ஓட்டுனா எவ்வளவு நேரம் ஓட்டுவா? சலிச்சிடும்" என்றான் நவநீதன்.

"அப்ப இதப் பாருங்கண்ணே." ரிஃபாய் மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கினான். உள்ளே சின்ன ஜீப் ஒன்று. முரட்டு டயர், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக ஸ்பிரிங். "இது ஓடுற வண்டி இல்ல, ஏறுற வண்டி. பாறை மேல நத்தையாட்டம் ஏறும். அவசரப்பட்டா கவுந்துடும். பொறுமையா, எந்தச் சக்கரத்த எங்க வைக்கிறதுன்னு பாத்துப் பாத்து ஓட்டணும். ஒருத்தர் ரிமோட்டப் பிடிச்சா இன்னொருத்தர் கூட நடந்து வழி சொல்லணும். அப்பாவும் புள்ளையும் விளையாடுறதுன்னா இதாண்ணே."

நவநீதன் வண்டியைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தான். டிராக்டர் வாங்கும்போதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டான். அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம், நாலு சக்கரமும் இழுக்குமா, சேறு பட்டால் மோட்டார் போய்விடுமா என்று கேள்வி மேல் கேள்வி.

"எல்லாம் சரிண்ணே" என்று ரிஃபாயே சிரித்தான். "வியாபாரத்துக்கு ஆகாத பேச்சுதான், இருந்தாலும் கேக்குறேன். நம்ம பக்கம் பாறைக்கு எங்க போவீங்க? கடக்கரையில கொட்டியிருக்கிற கல்ல விட்டா மாவட்டத்துக்கே கல்லு கிடையாது."

"அத நான் பாத்துக்கிறேன்."

இதே வண்டி சின்ன அளவிலும் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும், பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் போகும். ரிஃபாய் அதைத்தான் வாங்கச் சொன்னான். "பாப்பாவுக்கு இதான் தோது. எங்க வேணாலும் எடுத்துக்கிட்டுப் போலாம். பெருசு கனம், புள்ளையால தூக்க முடியாது."

"பெருசே குடுங்க பாய்."

கனமாக இருந்தால் நல்லது. தூக்க முடியாதென்றால் குரும்பகரத்திலேயே இருக்கும். அது இருக்கிற இடத்துக்குப் பிள்ளை வந்துதானே ஆக வேண்டும்! நவநீதனுக்குத் தன் மூளையை நினைத்து அன்றைக்குப் பெருமைதான்.

பாறைக்கும் ஒரு வழி வைத்திருந்தான். கோடையில் அந்தப் பக்கத்துக் களிமண் வயலை ஈரம் காய்ந்த பின் உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். வெயிலில் அது கல்லுக்குச் சமம், வெறுங்காலால் மிதித்தவனுக்குத்தான் தெரியும். வாய்க்காலை ஒட்டியிருந்த தன் வயலில், வேண்டுமென்றே அஞ்சு கொத்துக் கலப்பையைப் போட்டு ஆழ உழுதான். தேங்காய் அளவில், தலை அளவில் மண்கட்டிகள் புரண்டு கிடந்தன.

வண்டியைப் பற்றிப் போனில் கேட்டதும் தையல்நாயகி அடுத்த ஞாயிறே வந்துவிட்டாள். ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு டிவி போடவே இல்லை.

ஓட்டுவதில் அவள்தான் கெட்டிக்காரி. நவநீதனுக்கு டிராக்டர் புத்தி. வண்டி நின்றால் விசையைக் கூட்டுவான், அது மல்லாந்துவிடும். அவளோ வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, விரலால் விசையைத் தொட்டும் தொடாமலும் ஏற்றிவிடுவாள்.

"நீ முன்னாடி போய் வழி சொல்லுப்பா. ஓட்டுறத நான் பாத்துக்கிறேன்."

லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லும் கிளீனர் மாதிரி நவநீதன் கையை ஆட்டிக்கொண்டு வயலில் பின்பக்கமாக நடந்தான். "வா, வா, வா... லெப்ட்ல ஒடி... போதும், நில்லு!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேச்சும் வந்தது. வகுப்பில் தன் பேரைச் சொல்லிக் கிண்டல் செய்கிற பையன், அம்மாவின் நைட் டியூட்டி, தனியாகப் படுக்கப் பயமாக இருந்த ஒரு நாள். அதையெல்லாம் அவன் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். நவநீதன் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் திரிந்தான்.

வாரா வாரம் இதே கதைதான். ஒருநாள் கிளம்பும்போது கேட்டாள், "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டாப்பா?"

"மூணாவது மாடியில வச்சு என்னம்மா பண்ணுவ? அங்க வெறும் டைல்ஸ் தரை. அது இங்க இருந்தாதான் சரி."

பிள்ளை அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்கும் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தியதைத் தள்ளிவைத்தான்.

ஆடி பிறக்கும்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று பேச்சு அடிபட்டது. கடைமடையான குரும்பகரத்துக்கு வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். அந்த ஞாயிறு தையல்நாயகி கட்டிகளின் மேல் நின்று, "தண்ணி வந்தா இதெல்லாம் என்னப்பா ஆகும்?" என்று கேட்டாள்.

"கரைஞ்சு சேறாயிடும். அப்புறம் வண்டி ஓட்ட முடியாது, நடவுதான்" என்றான் அவன் வாய்க்கு வந்தபடி. அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கேதான் கோட்டைவிட்டான்.

வியாழக்கிழமை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அந்தப் பக்கத்து வயல்களில் ஒன்றுக்குள் பாய்ந்துதான் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். நவநீதன் வயல் நிறைந்தால்தான் கீழே அடுத்த வயல்காரர் சோமுவின் நாற்றங்காலுக்கு ஈரம். அடுத்தவன் வரப்பில் கைவைக்கிற வழக்கமும் அங்கே கிடையாது, வயலுக்கு உரியவன் மடையை வெட்டிவிட வேண்டும். சோமு வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

"தம்பி, வெத விட்டுருக்கேன். எறச்ச தண்ணி பத்தல, தரை வெடிக்குது. மடைய எப்ப வெட்டுவ?"

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் வெட்டிடுறேண்ணே. பாப்பா வரும். இன்னும் ஒரு தடவ அதுல விளையாடட்டும்."

சோமு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரே தண்ணிக்குத் தவிச்சுக் கெடந்துது. வந்த தண்ணிய நிறுத்தி வச்சுப் பொம்ம காரு ஓட்டுறியா? நல்லா இருக்குடா உன் வெவசாயம்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். டீக்கடையில் பேச்சுக்கு அது போதும். நவநீதன் காதில் விழாதவன்போல இருந்தான். பிள்ளைக்குச் சொல்லாமல் வயலை அப்படியே வைத்திருந்து காட்டினால் எப்படிக் குதிப்பாள் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பைக்கை எடுக்கும்போது பிரதீபாவிடமிருந்து போன் வந்தது.

"அவ இன்னைக்கு வரலங்குறா."

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாதான் இருக்கா. கேட்டா சும்மாதாங்குறா. நான் என்னங்க பண்ணட்டும்?"

வயலுக்குப் போனான். வண்டியைக் கட்டிகளின் மேல் வைத்துத் தானே ஓட்டிப் பார்த்தான். மல்லாந்தது. நிமிர்த்தி வைத்தான், மறுபடியும் மல்லாந்தது. பக்கத்தில் சிரிக்க ஆளில்லை. வரப்பில் உட்கார்ந்து அழாத குறைதான். ஒரு சாமானைக் காட்டித்தான் பிள்ளையை வரவழைத்திருக்கிறோம், அதற்கும் இப்போது மவுசு போய்விட்டது, இனிமேல் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. அவளுக்கென்று வாங்கினதைப் பூட்டி வைப்பது என்ன பிழைப்பு? வந்தாலும் வராவிட்டாலும் அது அவளிடமே இருக்கட்டும்.

சோமு மண்வெட்டியோடு கீழ் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். "பாப்பா வரலையா? அப்ப இப்பவே வெட்டேன்டா."

"காரைக்கா வரைக்கும் போயிட்டு வந்துடுறேண்ணே. மத்தியானத்துக்குள்ள மடைய வெட்டிடுறேன்."

பைக் டேங்கின் மேல் வண்டியை வைத்து அணைத்துக்கொண்டு போனான். மூன்று மாடி ஏறி அழைப்பு மணியை அழுத்தியதும் தையல்நாயகிதான் கதவைத் திறந்தாள். வண்டி, ரிமோட், சார்ஜர் எல்லாவற்றையும் வாசல்படியில் வைத்தான்.

அவள் அதைத் தொடவில்லை. "ஏன் இங்க கொண்டாந்த?"

"உனக்கு வாங்குனதுதானே. இனிமே இங்கயே இருக்கட்டும்."

அவள் முகம் வாடிவிட்டது. வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அப்ப நான் இனிமே வர வேணாமாப்பா?"

நவநீதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா அப்படி? நீதானே இன்னைக்கு வரலன்ன?"

"தண்ணி வந்தா வண்டி ஓட்ட முடியாதுன்னு நீதான் சொன்ன. வண்டி இல்லன்னா நான் அங்க வந்து என்ன பண்ணுவேன்? நீ டிராக்டர எடுத்துட்டுப் போயிடுவ. நான் தனியா உக்காந்திருக்கணும்."

அவன் போட்ட கணக்கையே பிள்ளையும் போட்டிருக்கிறாள். வண்டி இருந்தால்தான் அப்பா. அதைக் கற்றுக்கொடுத்தது வேறு யாருமில்லை. அவளைக் கட்டிக்கொண்டு ஏதேதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. உள்ளே சமையலறை வாசலில் பிரதீபா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சோமு பெரியப்பா நாத்தங்காலுக்குத் தண்ணி இல்லாம நிக்கிறாரு" என்றான் கடைசியில். "நம்ம மடைய வெட்டிவிடணும். கூட வர்றியா?"

"இப்பவா?"

"இப்பத்தான். டிராக்டர இன்னைக்குத் தொட மாட்டேன். யாரு கூப்புட்டாலும் போறதா இல்ல."

"வண்டி?"

"அது இங்க கெடக்கட்டும். நீ வா."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிரதீபா மகளின் உடுப்பைப் பார்த்தாள். பிறகு, "இந்தக் கவுனோட போகாத, சேறாக்கிட்டு வருவ. பழசப் போட்டுக்க" என்றாள்.

மாற்றிக்கொண்டு வர அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒரு செருப்பை மாட்டியும் மறு செருப்பை மாட்டாமலும், வாசலில் கிடந்த வண்டியைத் தாண்டி, அப்பாவுக்கு முன்னால் படியிறங்கி ஓடினாள்.