ஆளில்லாத பெயர்கள்

அலுவலகத்தில் அவனுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். இணையதளங்களுக்குப் பாதுகாப்பு விற்கிற கம்பெனி முதலாளி. வாயைத் திறந்தால் பூட்டு, சாவி, திருடன்தான். அதில் வருவது பாதி வருமானம். மீதி எப்படி வருகிறது என்பதை மேடைகளில் மட்டும் சொல்ல மாட்டான்.

அன்று காலை அக்கா வந்தாள். பல் டாக்டர். போன வருஷம்தான் கணவனை இழந்தவள்.

"க்ளினிக் வெப்சைட்டைத் தொறந்தா சூதாட்டம் வருதுடா. பேஷண்ட்டெல்லாம் சிரிக்கறாங்க. உன் அத்தான் ஆசையா வச்ச பேரு. பணம் கட்டி அந்தப் பேரைப் புதுப்பிக்கச் சொல்லி அவர் மெயிலுக்குத்தான் எழுதியிருக்காங்க. அதைத் தொறக்க எனக்கு மனசே வரல."

"விடுக்கா, எந்தத் திருட்டுப்பயன்னு பாத்துடலாம்."

சவடாலாகத் தேடினான். திரையில் வந்தது அவனுடைய இன்னொரு கம்பெனியின் பெயர்.

கெடு முடிந்த இணைய முகவரிகளை உடனே பிடித்து, விற்கும்வரை அதில் சூதாட்ட விளம்பரம் ஓடவிட்டு, பழைய சொந்தக்காரருக்கே கொள்ளை விலைக்கு விற்கும் நிரல் அவனுடையது. சட்டப்படி தப்பில்லை. அதற்கு ஒரு குயுக்தியும் சொல்லிக் கொடுத்திருந்தான்: இரங்கல் செய்திகளைப் படித்து, இறந்தவர்களின் முகவரிகளைக் குறித்து வைத்துக்கொள். வீட்டு மனிதர்கள் என்ன விலை கொடுத்தாவது வாங்குவார்கள். அத்தானுக்கு, க்ளினிக் பெயரையும் சேர்த்து, அழுதுகொண்டே இரங்கல் எழுதி இணையத்தில் போட்டவனும் அவனேதான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

ஓசைப்படாமல் அவள் பெயருக்கு மாற்றிவிட்டு, "மீட்டுட்டேன்கா" என்று நல்ல பேர் வாங்கியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"நீ இருக்கற தைரியத்துலதான்டா வந்தேன்," என்றாள் அக்கா.

அதற்குமேல் அவனால் முடியவில்லை.

"அந்தத் திருட்டுப்பய நான்தான்கா."

ஒன்றுவிடாமல் சொன்னான். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. ஓங்கி ஓர் அறை விட்டால் தேவலை என்றிருந்தது. அவள் அடிக்கவில்லை. எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். நிரல் பிடித்து வைத்திருந்த பட்டியலில் அவள் க்ளினிக்குக்கு மேலும் கீழும் வேறு பெயர்கள் இருந்தன. ஒரு பேக்கரி, ஒரு பாட்டு வகுப்பு, ஒரு மாட்டு டாக்டர்.

"உன்னோடதை இப்பவே மாத்திடறேன்கா. மன்னிச்சுடு."

"எனக்குத் தம்பி இருக்கான், மாத்திட்டான்," என்றாள். அவள் விரல் பேக்கரியின் மேல் நின்றது. "இவங்கெல்லாம் யார்கிட்டடா போவாங்க?"