பழைய பேப்பர் லோடு

நௌஷீன் எழுதிக்கொடுத்து அனுப்பிய வண்டி எதுவும் செக்போஸ்டில் மாட்டியதில்லை. ராஜபாளையத்தில் வரதராஜின் லாரி ஆபீசில் ஆறு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. எத்தனை டன், எந்த வழி, டிரைவர் எங்கே படுத்துத் தூங்க வேண்டும் என்பது வரை எழுதிக் கையில் கொடுப்பாள். எப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று இவற்றில் ஒன்று முடிய ஒரு வாரமே இருந்தாலும் வண்டியைக் கேட்டைத் தாண்ட விடமாட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை டிரைவர் பொன்னுராஜ் பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு எறணாகுளம் கிளம்பியபோதும் அப்படித்தான். மழை பிடித்திருந்ததால், ஆரியங்காவு இறக்கத்தைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

திரும்பி வரும்போது ஏற்றும் லோடை மட்டும் வரதராஜ் தானே பிடித்தார்.

"பழைய பேப்பர்மா. அனுப்புறவங்க பில் போட்டுட்டாங்க. நீ அந்தப் பில்லுல வண்டி நம்பர மட்டும் ஏத்திரு."

ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொன்னுராஜ் போன் செய்தார்.

"தங்கச்சி, நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி நிக்கேன். எடைமேடைக்குப் பக்கத்துல. நீ செத்த வந்துட்டுப் போ."

"ராஜபாளையத்துலதான இறக்கணும்? அங்க எதுக்குண்ணே போனீய?"

"வந்து பாரு. சொல்ல வாய் வரல."

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. அழுகிய இறைச்சியில் பினாயிலைக் கொட்டியது போன்ற நாற்றம். பின்கதவின் இடுக்கிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே தேங்கியதை ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது. கல்லெடுத்து எறிந்தும் அது போகவில்லை.

பொன்னுராஜ் மூக்கில் துண்டைக் கட்டியபடி வந்து தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்தார். மேலே இரண்டு அடுக்குக்குப் பேப்பர் கட்டுகள். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் பைகள், பாதி கிழிந்து கிடந்தன. ஊசிகள், மூத்திரப் பைகள், ரத்தம் காய்ந்து கறுத்த பஞ்சு, கால் வடிவத்திலேயே வெட்டியெடுத்த மாவுக்கட்டு. ஒரு பையில் என்ன இருந்தது என்று இரண்டாம் முறை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ரோட்டோரம் ஓடி வாந்தியெடுத்தாள்.

"செங்கோட்டை வரைக்கும் எனக்கே தெரியாது," என்றார் பொன்னுராஜ். "டீக்கடைக்காரன் வண்டிய எடுலேன்னு வெரட்டுனான். அப்பத்தான் அவுத்துப் பாத்தேன். மொதலாளிக்குப் போன் அடிச்சா, பிளவக்கல் ரோட்டுல ஒரு கல்லுக்குழி கெடக்கு, தட்டிட்டு வண்டியக் கழுவிட்டு வாங்காரு. இங்க வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல கை வரல. நாளைக்கு இதே வண்டியிலதான் பேண்டேஜ் லோடாம்."

புண்ணில் கட்டப்போகும் துணி. அந்தச் சனிக்கிழமைப் பயணத்தையும் அவள்தான் நேற்றே எழுதி மேஜையில் வைத்திருந்தாள்.

வரதராஜைக் கூப்பிட்டாள். அவர் பதினொரு மணிப் பலகாரத்தில் இருந்தார்.

"தெரிஞ்சுதான் ஏத்துனீங்களா சார்?"

"ஊருல நடக்காததா? நாலு மழை பேஞ்சா மக்கிப் போகும்."

"ஊசி மக்குமா சார்?"

"பில்லுல நம்பர ஏத்துனது நீ. அதையும் நெனச்சுக்கோ."

பேச்சுக்கு நடுவே அவர் எதையோ மெல்லும் சத்தம் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டாள்.

"போலீசுக்குச் சொல்லுவோம்ணே."

"மொதல்ல என்னத்தான் உள்ள வைப்பான் தங்கச்சி."

"நம்பர் ஏத்துனது நான். நானும் வாரேன்."

பொன்னுராஜ் சாவியை எடுத்தார். "அப்ப ஸ்டேஷனுக்கு ஓட்டிருவோமா?"

"வேணாம். ஊருக்குள்ள வழியெல்லாம் ஒழுகும். அவங்க இங்க வரட்டும்."

போலீசுக்கும் மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசுக்கும் பேசினாள். அவர்கள் வரும்வரை யாரும் கிட்டே வராதபடி இருவரும் கல் பொறுக்கி வண்டியைச் சுற்றி வைத்து, அந்தப் பக்கம் மேய வந்த ஆடுகளை விரட்டிக்கொண்டு நின்றார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பில்லை வாங்கிப் படித்தார்.

"பேப்பர்னு போட்டிருக்கு. லோடப் பாத்தியாம்மா?"

"இல்ல சார்."

"ஒரு போட்டோ கேட்டியா?"

கேட்கவில்லை. ஆறு வருஷமாகச் சான்றுகளின் தேதியைத்தான் பார்த்திருக்கிறாள். வண்டிக்குள் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. அந்த நாற்றத்தில் தன் பங்கும் இருப்பதாகப் பட்டது. வரதராஜின் மேல் இருந்த அருவருப்பைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

சாயங்காலம் வரை இருவரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். பொன்னுராஜை விட்டுவிட்டார்கள், வண்டியை விடவில்லை. வரதராஜ் மேல் வழக்குப் பதிவானது. நௌஷீன் வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தாள். உடுத்தியிருந்த சுடிதாரைக் கொல்லையில் போட்டு எரித்தாள். கணவன் அன்சார் சாப்பிடக் கூப்பிட்டபோது குழம்பில் கிடந்த கறித்துண்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒரு வாரம் மோர்ச்சோறுதான்.

ஐந்தாம் நாள் அதிகாரிகள் அவளைக் கூப்பிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கழிவை மூடிய வண்டியில், முறையான அனுமதியோடு அனுப்பிய இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். வழி தெரிந்தவர் எழுதிக்கொடுத்தால் நல்லது என்றார்கள். எழுதினாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தென்காசிக்குள் நுழையக் கூடாது, டீக்கடை முன்னால் நிறுத்தக் கூடாது, தொடுகிறவர்கள் முழங்கை வரை கையுறை போட வேண்டும். தாளைக் கொடுத்துவிட்டுக் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள்.

இருவரும் அதன்பிறகு வரதராஜின் ஆபீசுக்குப் போகவில்லை. பொன்னுராஜுக்குச் செட்டியார்பட்டியில் ஒரு நூல் கம்பெனியில் வேலை கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அங்கேயே அவளுக்கும் ஒரு இடம் சொல்லி வைத்தார். முதல் நாள், திருச்சூர் போகும் வண்டியின் பேப்பர்களைப் பார்த்து முடித்ததும் ஏணியைக் கேட்டாள். லோடுமேன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மேலே ஏறினாள். ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.