அச்சு அசல் குரல்

"இன்னிக்கு ஒருத்தனை ஓட ஓட விரட்டினேன்டி" என்றாள் அம்மா. நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு களையைப் பார்த்து எட்டு மாதமாகியிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் யாரோ போனில் என் குரலில் அழுதார்கள். விபத்து, உடனே பணம் வேண்டும் என்றார்கள். அம்மா சேமிப்பையெல்லாம் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் எனக்காக நின்றாள். நான் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பணம் போனது போகட்டும், அதன்பிறகு அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதும் சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் பயிற்சி கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படுக்கையறையிலிருந்து திருடனாகப் போன் செய்வேன், அவள் ஹாலில் உட்கார்ந்து என்னைத் திட்டுவாள். சில சமயம் திட்டு கொஞ்சம் ஓவராகவே இருக்கும். "குரலை நம்பாதம்மா, இப்பல்லாம் குரலையே மெஷின்ல செஞ்சிடுறாங்க. நம்ம வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேளு. பதில் வரலைன்னா வச்சிடு. திரும்ப அடிச்சா எடுக்காத." ஆயுசு முழுக்க வீட்டுப்பாடம் திருத்தியவளுக்கு நான் வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

"தெரியாத நம்பர். அச்சு அசல் உன் மாமா குரல். 'அக்கா, ஆஸ்பத்திரில இருக்கேன்'னான். நான் அசருவேனா? 'நம்ம அப்பா உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார், சொல்லு பாக்கலாம்'னேன். மூச்சு வாங்குறான், இருமுறான், அழுற மாதிரி நடிக்கிறான். பதிலைக் காணோம். வேற வேலையிருந்தா பாருடான்னு வச்சிட்டேன். அப்புறம் ரெண்டு தடவை அடிச்சுது. எடுப்பேனா?"

"சபாஷ்" என்றேன். மாமா வேறு ஊரில் தனியாக இருப்பவர், ஒரு வாரமாக என் மெசேஜுக்குப் பதில் போடாதவர் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன்.

அந்தத் தெரியாத நம்பருக்குத் திரும்ப அடித்தேன். எடுத்தது ஒரு நர்ஸ். "அவர் போன் ஆஃப் ஆயிடுச்சுங்க, அதான் என் போன்ல இருந்து போட்டுக் கொடுத்தேன். அக்கா நம்பர் ஒண்ணுதான் மனப்பாடமா சொன்னார். அவங்க ஏதோ கேட்டாங்க, இவரால பேச முடியல. வச்சிட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நாலு மணிக்குத் தவறிட்டார்ங்க."

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன். மாமா போனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மற்றதை மறைத்துவிடலாம் என்று முகம் கழுவும்போது முடிவு செய்தேன்.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி.

"அம்மா, மாமா போயிட்டார்."

அவள் திரும்பவில்லை. தட்டை அலசினாள், கவிழ்த்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள், அலசாமல் அப்படியே வைத்துவிட்டாள்.

"வீட்லதானே?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் சட்டென்று திரும்பி, சோப்பு நுரையோடு இருந்த உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். நுரை என் கழுத்துவரை வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.