ஐந்து, ஒன்று, இரண்டு

வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள், மாதத்தின் முதல் சனிக்கிழமையாக வந்து வாய்த்தது. சூப்பர் மார்க்கெட்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாற்பது பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடித்துப் பிடித்து அட்டையும் நைந்துவிட்டது, ஆட்களும் நைந்துவிட்டார்கள். ஒருவர் கோஷத்தை முனகினால் மற்றவர்கள் தலையாட்டுவது என்கிற அளவுக்கு வந்திருந்தது போராட்டம்.

நாலாம் கல்லாக்காரிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பதினோரு வருடம் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நின்று பில் போட்டவள் அவள். வியாபாரம் மந்தமாம். அதனால் எட்டு மணி நேர வேலையை ஆறாகக் குறைத்து, அதையும் இரண்டாக உடைத்தார்கள். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம், நடுவில் வீட்டுக்குப் போய்விட்டு வா என்றார்கள். போக ஒரு பஸ், வர ஒரு பஸ். வீட்டில் செருப்பைக் கழற்றியதும் திரும்ப மாட்ட வேண்டியதுதான். ஊருக்கு வருகிற மந்தம் எதுவானாலும் இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே இருப்பவன் தலையில்தான் வந்து உட்காரும் போலிருக்கிறது.

இவர்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம். அதையும் நிர்வாகம்தான் தயாரித்துக் கொடுத்திருந்தது. எடை போட்டு விற்கும் காய், பழம், கொட்டை வகைக்கெல்லாம் மூன்று இலக்க எண் உண்டு. முன்பெல்லாம் அதை அச்சடித்துக் கல்லாவுக்குக் கல்லா ஒட்டுவார்கள். போன வருடம் சிக்கனம் என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எண்கள் இரண்டு முறை மாறிவிட்டன. மேனேஜரின் கம்ப்யூட்டரை விட்டால், இருநூற்றுச் சொச்சம் எண்களும் இப்போது இருப்பது கல்லாக்காரிகளின் தலையில் மட்டும்தான். யாராவது மறந்துபோனால் பொருளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள். நாலாம் கல்லாக்காரி தன் வேலையை நிறுத்தாமலே விரலால் எண்ணைக் காட்டிவிடுவாள். கத்திப் பேசினால் மேனேஜருக்கு ஆகாது என்று ஆரம்பித்த பழக்கம் அது.

உள்ளே இப்போது தற்காலிக ஆட்கள். வேலையில்லாத ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் எண்ணுக்குப் பஞ்சம். ஒவ்வொரு காய்க்கும் மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் தேடிச் சொல்ல வேண்டும். மேனேஜர் ஒருவர், கல்லா ஆறு. வரிசை அனுமார் வால் மாதிரி உள்ளே சுற்றிக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் வேறு காதோடு காதாக வந்து சொல்லிவிட்டுப் போனார்: "ஒரு மணி வரைக்கும் வரிசை இப்படியே நின்னா உங்களோட உக்காந்து பேசிடுன்னு மேனேஜர்கிட்ட தலைமை ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

மணி பன்னிரண்டேகால். எல்லார் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் ஊறியது. நாலாம் கல்லாக்காரி முகத்தில் மட்டும் ஊறவில்லை. அவள் கல்லாவில் இப்போது நின்றுகொண்டிருந்தது அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடி ஏழு மாதமாகிறது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வேனில் ஏறி உள்ளே போனாள். முதல் இரண்டு நாள் ரேக் அடுக்கினாள். இன்று கல்லாவில் நின்ற பையன் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டதால், அரை மணி நேரத்துக்கு முன்னால் இவளைப் பிடித்து அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

காலையில் சமையலறையில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"ஏழு மாசமா அண்ணன் வீட்டுச் சோறு. எத்தனை நாள்தான் அண்ணி, தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிடறது?" என்றாள் நாத்தனார். "நீங்க வெளிய நிக்கறீங்க, நான் உள்ள நிக்கறேன். ரெண்டு பேரும் நிக்கத்தானே செய்யறோம்."

"நீ நிக்கற இடம் என் இடம்."

"வேற இடம் இருந்தா காட்டுங்க. அங்க போய் நிக்கறேன்."

கல்லாக்காரி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். போதாததற்கு இங்கே கூடவே நின்றவர்கள் வேறு, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்று அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் கையில் ஒரு பை வெங்காயம். எண் தெரியவில்லை. வரிசையில் இருந்தவர்கள் கையை ஆட்டித் திட்டினார்கள். மேனேஜர் வந்து அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெளியே நின்ற அண்ணியைப் பார்த்தாள். பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

கல்லாக்காரியின் கை தானாக எழுந்தது. மூன்று, ஒன்று, நான்கு.

சாப்பாட்டு நேரத்தில் இந்த விரல் பாஷையைக் காட்டி வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தவள்தானே கல்லாக்காரி. நாத்தனாருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வெங்காயம் போனது. அடுத்தது பீன்ஸ். அடுத்தது எலுமிச்சை. தூக்கினாள், கை காட்டியது. பதினோரு வருடத்துக் கை, வேலைநிறுத்தம் நடப்பது அதற்குத் தெரியவில்லை. நாலாம் கல்லாவில் வரிசை நகர, பக்கத்துக் கல்லாக்காரர்களும் நாத்தனாரைக் கேட்டுக் கேட்டுத் தட்ட ஆரம்பித்தார்கள்.

இவர்களைப் பேசக் கூப்பிடச் செல்போனும் கையுமாக வாசல் கதவு வரைக்கும் வந்துவிட்ட மேனேஜர் திரும்பி வரிசையைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"என்ன ஆச்சு? எப்படி நகருது?" என்று ஆளுக்காள் கேட்டார்கள். அப்போதுதான் கல்லாக்காரி தன் கையைப் பார்த்தாள். அது தோள் உயரத்தில் இருந்தது. போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்த கறிக்காரர், இறைச்சிப் பிரிவில் இருபது வருடம் வெட்டியவர், அதைப் பார்த்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் பேசினார்.

"காட்டினது காட்டிட்ட. இன்னொண்ணு காட்டு. தப்பாக் காட்டு."

"அவ என் நாத்தனார்ண்ணே."

"தெரியும். பன்னெண்டு நாளா நாப்பது வீட்டுல அடுப்பு எப்படி எரியுதுன்னு உனக்கும் தெரியும்."

நாத்தனார் பீட்ரூட் பையைத் தூக்கினாள். மூன்று கிலோ இருக்கும். பீட்ரூட்டுக்கு ஐந்து, ஒன்று, இரண்டு. பாதாமுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று. கல்லாக்காரி கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். ஆனால் அந்த நிமிடம் அவளுக்கு எல்லார் மேலும் கோபம். மேனேஜர் மேல், ஆத்துல சேத்துல என்றவர்கள் மேல், தன் இடத்தில் நின்றுகொண்டு தன்னிடமே உதவி கேட்கிற அந்த முகத்தின் மேல், தன் கையின் மேல். ஐந்து, இரண்டு, ஒன்று என்று காட்டினாள். தானாக இல்லை, யோசித்துக் காட்டினாள்.

நாத்தனார் திரையைக்கூடப் பார்க்காமல் தட்டினாள். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் கார்டைத் தேய்த்துவிட்டுப் பில்லைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது மட்டும்தான் வெளியே தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அடித்த பில்லை ரத்து செய்ய மேனேஜரின் சாவி வேண்டும். சாவி வருவதற்குள் பின்னால் இருந்தவர்கள் தங்கள் பில்லையும் சரிபார்க்கச் சொல்லிக் கிளம்பினார்கள். ஆறு கல்லாவும் நின்றன. தள்ளுவண்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஜனங்கள் வெளியே நடந்தார்கள். மேனேஜர் நாத்தனாரைப் பார்த்துக் கதவைக் காட்டினார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. நாற்பது பேரும் குதித்தார்கள். அந்தக் கும்மாளத்துக்கு நடுவே நாத்தனார் வெளியே வந்தாள். ஏப்ரனைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். நேராக அண்ணியிடம்தான் வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. நீங்க சரியாத்தான் காட்டியிருப்பீங்க. நான்தான் அவசரத்துல கடைசி ரெண்டையும் மாத்திப் பாத்துட்டேன். காலைல அவ்வளவு பேசியும் நீங்க எனக்காகக் கை காட்டினீங்க, அதைக்கூட ஒழுங்காப் பாக்கத் தெரியல எனக்கு."

கல்லாக்காரி குனிந்து கீழே கிடந்த அட்டையை எடுத்தாள்.

"நாலாம் கல்லா!" என்று கறிக்காரர் கதவருகிலிருந்து கூப்பிட்டார். "கல்லாக்காரங்க சார்பா ஒரு ஆள் வேணுமாம், நீயே வாம்மா!" கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளைக் குத்திப் பேசிய அதே ஆட்கள் கை தட்டினார்கள்.

"போங்க அண்ணி, கூப்பிடறாங்க," என்றாள் நாத்தனார். அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேனேஜர்கிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணும்னு செய்யல, கண்ணு தப்பிடுச்சுன்னு சொல்லுங்க. ரேக் அடுக்கற வேலையாவது குடுத்தாப் போதும்."

"சொல்றேன்," என்றாள் கல்லாக்காரி. கையை விடுவித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.