நீலமும் பழுப்பும்

"திரும்பச் சொல்லுங்க. எந்த நிறத்தை நிறுத்தினீங்க?"

"நீல இன்ஹேலரை, மேடம். ஸ்டீராய்டை விடணும்னுதான். ஒரே இழுப்புல மூச்சு திறந்துடுதுன்னா அதுலதானே ஸ்டீராய்டு இருக்கணும்? பழுப்பு இன்ஹேலர் சாது. இழுத்தாலும் ஒண்ணும் தெரியாது. அதைக் காலையும் ராத்திரியும் தவறாம எடுத்துக்கறேன்."

இயற்கை மருத்துவர் கையிலிருந்த துண்டை மடியில் வைத்தார். என் கால்கள் அவருடைய வெந்நீர்த் தொட்டியில் இருந்தன. வெற்றிச் செய்தி சொல்லும்போது கால் நனைந்திருப்பது அவ்வளவு கம்பீரமாக இல்லை. அதைப் பொறுத்துக்கொண்டேன்.

"ஸ்டீராய்டு பழுப்புலதான் இருக்கு" என்றார். "நீலம் அவசரத்துக்கு."

"அப்போ இத்தனை நாள் நான் குறைச்சது?"

"ஒண்ணுமே இல்லை. பழுப்பை ஒழுங்கா எடுத்தீங்க, அதனால நீலம் தேவைப்படலை. நான் சொன்ன மூச்சுப் பயிற்சிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். அதுக்கு மேல நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஸ்டீராய்டைக் குறைக்கணும்னா உங்க நுரையீரல் டாக்டர் ஊதவெச்சுப் பார்த்து, படிப்படியாக் குறைப்பார். முதல் நாளே சொன்னேனே."

சொன்னார்தான். அப்போது நான் ஜன்னல் வழியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் மரத்தைப் பார்த்து மனம் தெளிவார்கள். எனக்குத் தெளிந்தது அந்த மரம் மட்டும்தான்.

"இந்த வைத்தியத்தை வேற யாருக்காவது சொன்னீங்களா?"

தொட்டித் தண்ணீர் சட்டென்று ஆறிப்போனது போலிருந்தது.

திரைச்சீலைக் கடையில் வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பது என் வேலை. நான் கொண்டுவரும் அளவுக்குத் துணி வெட்டுபவர் கத்தரி அண்ணன். துணித்தூசியில் எனக்கு முன்னாலிருந்தே ஆஸ்துமாவில் இழுக்கிறவர். தினமும் அவருடைய வெட்டுமேசைமேல் சாய்ந்துகொண்டு, மனவலிமை, இயற்கை, அடிமைத்தனம் என்று முழங்கியிருக்கிறேன். ஒரு நாள் கையைக்கூட உயர்த்தினேன். தலைக்கு மேலிருந்த விளக்கு ஆடியது.

"நீலத்தைத் தூக்கிப் போடுங்கண்ணே" என்பதுதான் என் தாரக மந்திரம்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரக்காலோடு கடைக்கு ஓடினேன். வழியெல்லாம் மூச்சு வாங்கவேயில்லை. பழுப்பின் புண்ணியம்.

கத்தரி அண்ணன் வெட்டுமேசையில் சாம்பல் நிறத் துணியை விரித்துக்கொண்டிருந்தார். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. துணியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக நடுவில் ஒருமுறை நின்றார்.

"அண்ணே, நீலத்தை எங்க போட்டீங்க?"

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். நீலம் எட்டிப் பார்த்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிடும் போலிருந்தது.

"என் பேச்சைக் கேக்காம இருந்தீங்களே, நல்லவேளை."

"யார் கேக்கலைன்னது?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மூச்சு தேவைப்பட்டது. "தினமும் வந்து தொண்டை கிழியக் கத்துறே. பாவமா இருந்துச்சு. நீலத்தை விட்டா நான் செத்துருவேன். அதான் உனக்காகப் பழுப்பை விட்டுட்டேன். ஏதோ ஒண்ணை விட்டாப் போதும்தானே?"

நான் ஒரு துணி உருளைமேல் உட்கார்ந்தேன். ஸ்டீராய்டை விட்டதாகப் பீற்றிக்கொண்ட நான் ஒரு நாளும் அதை விடவில்லை. என்மேல் இரக்கப்பட்டவர் நிஜமாகவே விட்டிருந்தார்.

"நீலம் எத்தனை தடவை எடுக்கறீங்க?"

"இப்பல்லாம் எண்ணுறதில்லை. நீ சொன்ன இயற்கை இன்னும் என்கிட்ட வந்து சேரலை போல."

எல்லாவற்றையும் சொன்னேன். நிறங்களை மாற்றிப் புரிந்துகொண்டது, மரத்தைப் பார்த்தது, கால் நனைந்தது வரை. அவர் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக மாறியது. நீலத்தை எடுத்து இரண்டு முறை இழுத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். இழுப்பு மெல்லத் தணிந்தது, முழுதாக அடங்கவில்லை.

"இந்தத் துணி சாயங்காலம் போகணும்" என்றார். கத்தரியை எடுத்தார்.

"துணி கிடக்கட்டும்ணே. இப்பவே உங்க டாக்டர்கிட்ட போகலாம். பழுப்பை விட்டதுக்கு நான்தான் காரணம்னு அவர்கிட்ட நானே சொல்றேன். கத்தரியை வெச்சிட்டு என்கூட வாங்கண்ணே."

கத்தரி துணியின் விளிம்பில் வாயைத் திறந்தபடி நின்றது.